வெளியேறிய நேரம்

நில எடுப்புக் கோப்பைப் பார்க்கப் போன சவரிமுத்து வீடு திரும்பவில்லை. அப்படி ஒருவர் வரவேயில்லை என்று அலுவலகம் சாதித்தது. வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி அவர் மனைவி அமலோற்பவம் வழக்குப் போட்டு, ஏழு வருடம் கோர்ட் படி ஏறி இறங்கினாள். தீர்ப்பு கைக்கு வந்த அன்றே அந்த அலுவலகத்தின் ஆவண அறைக்குப் போய்விட்டாள். எழுத்தர் தீர்ப்பை வரிவிடாமல் படித்தார். "காட்டிடலாம்மா. யாரா இருந்தாலும் உள்ள வரணும்னா முதல்ல இதுல எழுதணும்" என்று அட்டை பிய்ந்த நோட்டு ஒன்றை நகர்த்தினார். பெயரும் வந்த நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம்தான் மேல் வரியைப் பார்த்தாள். வலப்பக்கம் சாய்ந்து, அடியில் இரண்டு கோடு இழுத்த அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? வந்த நேரம், பதினொன்று பத்து. வெளியேறிய நேரம் எழுதப்படவில்லை. அதற்கு மேலே இருந்த பெயர்களுக்கும் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

"நான் கேட்ட நோட்டு இதுதாங்க" என்றாள்.

"இந்த ஒரு நோட்டுதாம்மா இருக்கு." எழுத்தர் பேனாவை வாங்கி மூடினார். சாவிக்கொத்தோடு எழுந்தவர், போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்:

"கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"