பதினெட்டாவது பிக்கப்

"இதை வண்டின்னு சொல்ல உனக்கு வாய் கூசலையா?"

டார்சி விற்க நிறுத்தியிருந்த பழைய பிக்கப் டிரக்கின் அடியிலிருந்து வெர்லினின் குரல் வந்தது. அவர் மனைவி நோரீன் வேலியில் சாய்ந்து நின்றாள். கேம்பர் என்னும் குட்டிப் பயண வீட்டை முதுகில் ஏற்றி ஊர் சுற்ற, மூன்று வருஷமாக ஆரிகன் மாநிலம் முழுக்க வண்டி தேடுகிறார் வெர்லின். இது பதினெட்டாவது. எதைப் பார்த்தாலும் ஒரு நொட்டை.

"மூவாயிரம் பவுண்டு தாங்கும்னு கதவுலயே ஒட்டியிருக்கே," என்றான் டார்சி.

"ஒட்டினவனா சுமக்கப் போறான்?"

அரை மணி நேரம் தட்டி, முகர்ந்து, முனகிவிட்டு வெர்லின் எழுந்தார். "சரி, தொலையட்டும். இதையே எடுத்துக்கறேன்."

நோரீன் வேலியை விட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ உங்க கேம்பரை ஏத்திப் பாத்துடலாம். எங்க நிக்குது?" என்றான் டார்சி.

"எங்க வீட்டுக் கொல்லையிலதான்."

"இல்ல வெர்லின்," என்றாள் நோரீன். "அதைப் போன வருஷமே வித்துட்டேன். நீ அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாத்தானே?"

"வித்துட்டியா! அப்போ அங்க என்ன இருக்கு?"

"தக்காளிப் பாத்தி. நேத்து சாண்ட்விச்சுல வச்சுத் தின்னுட்டு, எந்தக் கடைன்னு கேட்டியே!"