மேல்மாடி அறையின் பிளான்

சேதுராமனின் மூத்த தாரம் மரகதவல்லி இறந்து ஐந்து வருடம் கழித்துத்தான் அந்த மேல்மாடி அறை எழும்பியது. இரண்டாவதாக வந்த கஜலட்சுமி மூன்று மாதம் சண்டை பிடித்துக் கட்டவைத்த அறை அது. கீழே எந்த மூலையைத் தொட்டாலும் மரகதவல்லியின் வீடுதான். மேலேயாவது தனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று, மகாவலி ஆறு தெரிகிற பக்கமாக ஜன்னலும் வைக்கச் சொன்னாள். ஊரில் பலரையும் போல அவர்களும் அனுமதி எடுக்கவில்லை.

இப்போது வீட்டை விற்கப்போனால், வாங்குகிறவரின் சட்டத்தரணி அந்த அறைக்கு அனுமதிப் பத்திரம் கேட்டார். இருவரும் நகரசபைக்குப் போனார்கள்.

கிளார்க் கோப்பை எடுத்துக் கொடுத்தார். அங்கீகரித்த பிளான் இருந்தது. ஜன்னலும் ஆற்றுப் பக்கமே இருந்தது. அடியில், அறை கட்டிய வருடத் தேதியோடு மரகதவல்லியின் கையெழுத்து.

"அவ எழுத்துத்தான்" என்று சேதுராமன் அதை விரலால் தடவினார். என் கையெழுத்து எப்படியிருக்கும் என்று இந்த மனுஷனுக்குத் தெரியுமா என்று கஜலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரிங்க. ஸ்டேஷனுக்குப் பின்னால வாங்கப்போற காணியில புதுசா கட்டிக்கிட்டு நிம்மதியா இருப்போம்" என்றாள். அந்தக் காணியைப் பற்றி அவர்கள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"அதுக்கும் பிளான் வந்திருக்கே. இந்தக் கையெழுத்துப் போட்ட அம்மாதான் போன கிழமை கொண்டாந்து குடுத்தாங்க" என்று கிளார்க் இன்னொரு தாளை விரித்தார்.

குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குள், அதே கையெழுத்தில் கஜலட்சுமி என்று எழுதியிருந்தது. அந்த அறைக்கு மட்டும் ஜன்னல் இல்லை.