இடது கைகள்

வகுப்பு மொத்தமும் கை தூக்கியிருந்தது. அத்தனையும் இடது கை.

லுவோ டீச்சர் கேள்வியை இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள்.

கடைசி வரிசையில் லான்சோ நகரத்திலிருந்து வந்த கல்வித்துறை ஆட்கள் 'அடேயப்பா, என்ன ஆர்வம்!' என்று தலையாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. சும்மா மட்டும் உட்காரக் கூடாது. மாதிரி வகுப்பு என்றாலே இதுதான் ஏற்பாடு. டீச்சர் வலது கை தூக்கியவர்களை மட்டும் எழுப்பிப் பதில் கேட்பாள்.

கரும்பலகையில் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்: கிளாஸ்மேட். கூடப் படிக்கிறவர். நம் சீன வழக்கப்படி பேரோடு ஒட்டி, 'கிளாஸ்மேட் பெங்' என்று கூப்பிட்டால் இங்கிலீஷ்காரன் சிரிப்பான் என்பது வரை சொல்லியாயிற்று. இனி ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும், அவ்வளவுதான். எப்போதும் முதல் மார்க் வாங்கும் பெங் ஹாய்க்குக் கூடவா தெரியாது?

பெங் அவளை முறைத்துப் பார்த்தான். பிறகு ஜன்னலோரம் காலியாய்க் கிடந்த நாற்காலியைப் பார்த்தான்.

காலையில் ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார்: "அந்த மக்குப் பொண்ணு டோ மின் வாயத் தொறந்தா மானம் போயிரும். லைப்ரரில உக்கார வைங்க டீச்சர். இன்னிக்கு நல்லாப் போனாத்தான் உங்க வேலை நிரந்தரம், பாத்துக்கோங்க."

லுவோ சரியென்றாள். டோ மின் தலையைக் குனிந்துகொண்டு பையோடு வெளியே போனதை வகுப்பே பார்த்தது.

பொடிசுகளுக்கு எவ்வளவு திமிர்! கோபம்தான் முதலில் வந்தது அவளுக்கு. அப்புறம் வெட்கம் வந்தது.

ஒரு கைகூட இறங்கவில்லை.

லுவோ சாக்பீஸை வைத்துவிட்டு, வாசலில் நின்ற ஹெட்மாஸ்டரைத் தாண்டிப் போனாள். எதிரே இருந்த லைப்ரரிக் கதவைத் தள்ளினாள்.

"வா டோ மின். உன் எடத்துல வந்து உக்காரு."

திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டாள். சரசரவென்று வலது கைகள் எழுந்தன. பெங்கின் கை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. ஹெட்மாஸ்டருக்கு உயிர் வந்தது. அவர்களில் யாரை எழுப்பினாலும் லுவோவுக்கு வேலை நிச்சயம்.

ஜன்னலோரம் மட்டும் ஒரு இடது கை. டோ மின்னுக்கு நிஜமாகவே தெரியாது.

லுவோ அந்தப் பக்கம் திரும்பினாள். ஹெட்மாஸ்டர் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார்.

"டோ மின், நீ சொல்லு."