குரல் ஒட்டவில்லை

"இது அவன் குரலே இல்ல. வேற ஆளைப் பாருங்க!"

இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், டப்பிங் அறையின் இருட்டில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்ற மனிதர் மைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினார். காலையிலிருந்து வந்துபோன மிமிக்ரிக்காரர்களில் கடைசி ஆள் இவர். சவுண்ட் இன்ஜினியர் எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை படம் வெளியாக வேண்டும். இயக்குநரின் முந்தைய இரண்டு படங்களும் மண்ணைக் கவ்வியவை. இதுவும் நின்றுபோனால் எந்தத் தயாரிப்பாளரும் அவரை வாசற்படி ஏற்ற மாட்டார். கதாநாயகனோ கடைசிக் காட்சிக்குக் குரல் கொடுக்காமல் முறுக்கிக்கொண்டு போயிருந்தான்.

பத்திரிகைகள் அவனுக்கு வைத்த பெயர் வத்திக்குச்சி. தயாரிப்பாளரோடு சண்டை, சங்கத்தோடு சண்டை, பேட்டி எடுக்க வந்தவரின் மைக்கைப் பிடுங்கி வீசிய சண்டை. இந்தக் கடைசிக் காட்சியை எடுத்து முடித்த கையோடு, மொத்த யூனிட்டும் பார்க்க, இயக்குநர் அவனை "மரக்கட்டை" என்று திட்டினார்.

மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் காரேறிப் போய்விட்டான். தயாரிப்பாளர் சங்கம் அவனுக்குத் தடை போட்டது. 'அந்த ஆள் படத்துக்கு இனிமேல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது' என்று அவனும் பேட்டி கொடுத்துவிட்டான்.

"சார், உதட்டசைவோட குரல் முதல் டேக்லயே ஒட்டிக்கிச்சு. வசனப் பேப்பரைக்கூடப் பார்க்கல" என்றார் இன்ஜினியர்.

"உதடு ஒட்டினா போதுமா? உயிர் எங்கய்யா? இன்னொரு தடவை போடுங்க."

திரையில், சாகக் கிடக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதாநாயகன் வாயசைத்தான். இருட்டிலிருந்து குரல் வந்தது.

"ஒரே ஒரு தடவை... நான் நல்ல பிள்ளைதான்னு சொல்லிட்டுப் போங்கப்பா."

இயக்குநர் தன்னையறியாமல் திரையை நோக்கி ஓரடி வைத்துவிட்டார். ஒரு மிமிக்ரிக்காரனிடம் அசந்துவிட்டோமே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சுத்தமா வரல! அவன் பேசியிருந்தா தியேட்டரே எழுந்து நின்னிருக்கும்!"

உள்ளே இருப்பவருக்குக் கேட்பதற்கான பொத்தானை இன்ஜினியர் அழுத்தியபடியே இருந்தார். அதைக் கவனிக்கும் நிலையில் இயக்குநர் இல்லை.

"அவர் பேசினா மட்டும் என்ன சார்? நீங்கதானே மரக்கட்டைன்னீங்க?"

"யாருய்யா மரக்கட்டை?" இயக்குநர் மேசையில் ஓங்கி அறைந்தார். "திமிர் பிடிச்சவன்தான், அடங்காதவன்தான். ஆனா அவன் கால் தூசுக்கு இங்க ஒருத்தன் வருவானா? அன்னைக்கு இந்த ஷாட் எடுக்கும்போது மானிட்டருக்குப் பின்னாடி நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். யூனிட் பார்த்துட்டா மானம் போயிடுமேன்னு கத்தினேன். வாயில அந்தச் சனியன் பிடிச்ச வார்த்தைதான் வந்துச்சு."

"அவர்கிட்ட போய்ச் சொல்லலாமே சார்?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுய்யா போவேன்? கதவைத் திறப்பானா அவன்?"

சொல்லிவிட்டு, சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். டப்பிங் அறையிலிருந்து ஒரு கனைப்பு ஸ்பீக்கரில் கேட்டது. அதைத் தொடர்ந்து குரல்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் ஏன் சார் காரேறிப் போகப்போறேன்?"