குங்கின் முழுப்பெயர்

"நாலு குங் இருக்காங்கண்ணா," என்றாள் நர்ஸ். "நீங்க எந்தக் குங்கைக் கேக்குறீங்க?"

அவன் கவுண்டர் மேல் குனிந்தான்.

குங் என்றால் இறால். தாய்லாந்தில் குழந்தை பிறந்ததும் ஒரு செல்லப்பெயர் ஒட்டிக்கொள்ளும். இறால், பறவை, பொடிசு, எதுவானாலும் சரி. கடைசிவரை ஊருக்கு அதுதான் பெயர். முழுப்பெயர் அடையாள அட்டையோடு பர்ஸில் தூங்கும்.

"சந்தையில பப்பாளிக்காய் சாலட் விக்கிற குங். காலையில மயங்கி விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு வந்தாங்க."

"முழுப்பெயர் சொல்லுங்கண்ணா."

பதினோரு வருடமாக அவள் கடைக்கு அடுத்தது அவன் கடை. அவள் உரலில் பப்பாளிக்காய் இடிப்பாள். அவன் கரியடுப்பில் வாழைப்பழம் சுடுவான். அவளுக்கு எந்த முழங்கால் வலிக்கும், மழை வந்தால் முதலில் எதை மூடுவாள், எல்லாம் அத்துப்படி.

பெயர் தெரியாது.

கேட்கத் தோன்றவே இல்லை. கேட்காமல் விட்டது அது ஒன்றுதானா என்றால், அதுவும் இல்லை.

அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

இங்கே முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ஆஸ்பத்திரிப் படிவம் கேட்கிற உறவு வேறு.

"பக்கத்துக் கடை," என்றான்.

நர்ஸ் பேனாவை மூடினாள். "சொந்தக்காரங்களைத்தான் உள்ளே விடுவாங்கண்ணா. அப்படி உக்காருங்க."

உட்கார்ந்தான். சட்டையெல்லாம் புகை வாசம். அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தான். அணைக்காவிட்டாலும் திரும்பிப் போவதாக இல்லை. அவள் பிழைத்தால் போதும்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ரத்தனாபோர்ன் சீசுக் அவர்களின் உறவினர் தவீசக் புன்மா, மூன்றாம் எண் அறைக்கு வரவும்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

எங்கே போய்த் தொலைந்தான் அந்த ஆள் என்று அவனும் சுற்றுமுற்றும் பார்த்தான். உள்ளே கூப்பிடுகிறார்கள், வரக் காணோம். உறவினர் என்று சொல்லிக்கொள்ளக் கொடுத்துவைத்தவனுக்கு இத்தனை அலட்சியமா என்று கோபம்கூட வந்தது.

மறுபடியும் கூப்பிட்டார்கள்.

தவீசக் புன்மா.

அந்தப் பெயரைக் கடைசியாக ஒலிபெருக்கியில் கேட்டது, பட்டாளத்துக்கு ஆளெடுக்கச் சீட்டுக் குலுக்கிய அன்று. அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்று. கையில் சிவப்புச் சீட்டு வந்தது, பட்டாளத்தில் இரண்டு வருடம் போனது. திரும்பி வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவன் மறுபடி ஊவன்தான். ஊவன் என்றால் குண்டன். ஒட்டிப்போன வயிற்றைப் பார்த்தும் யாரும் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

அவளும்தான்.

அவளிடம் அவன் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ. எத்தனை வருடமாகத் தெரியுமோ.

எழுந்தான்.

மூன்றாம் எண் அறை வரைக்கும், சற்றுமுன் காதில் விழுந்த அவள் பெயரை மறந்துவிடாமல் இருக்க, வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தான்.