சைபரில் ஒரு ஆள்

"மாட்டிக்கிட்டாரு! நம்ம விக்கோ கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு!"

கம்ப்யூட்டர் தாளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள் போடில். அக்ஸலுக்குக் காபி புரையேறியது.

"ஏய், மெதுவா! இன்னிக்கு மனுஷன் ரிடையர் ஆகிறாரு. அங்கே கொண்டாட்டத்துக்காகக் கேக்ல குட்டிக் கொடி குத்திக்கிட்டிருக்காங்க."

"குத்தட்டும்! நம்ம மாணவர் விடுதியில இருநூறு அறை. எந்த மாணவருக்கு அறைன்னு முடிவு பண்றது அவர் அல்கால்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதின புரோகிராம். அதை ஃபோர்ட்ரான் மொழிக்கு மாத்தினேன். நூத்துத் தொண்ணூத்தொம்பது பேருக்குத்தான் அறை வருது!"

"மிச்சம் ஒண்ணு எங்கே போச்சு?"

"ஃபோர்ட்ரான்ல பட்டியல் ஒண்ணுல ஆரம்பிக்கும். அல்கால்ல நாம சொல்ற எண்ல ஆரம்பிக்கும். இவர் சைபர்ல ஆரம்பிச்சிருக்காரு! விண்ணப்பம் போட்டவங்க எல்லாரும் ஒண்ணுலேர்ந்து. சைபர்ல மட்டும் வருஷா வருஷம் இவரே ஒரு பேரைச் சொருகுறாரு. வரிசையில நிக்காமலே அறை!"

"சொந்தக்காரங்களோ?"

"பின்னே? நான் படிக்க வந்தப்போ மூடுபனியில கப்பல் நின்னு, கெடு முடிஞ்சு மறுநாள்தான் இங்கே ஆர்ஹுஸ் வந்தேன். யாரோ ஒருத்தர் அறை வேண்டாம்னதால தப்பிச்சேன். இல்லேன்னா ஊருக்கே திரும்பியிருப்பேன். இவர் ஆளுங்களுக்கு மட்டும் ராஜ மரியாதையா? விடமாட்டேன்!"

கேக் மேசை முன்னால் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கத்தியைக் கீழே வைத்தார் இயக்குநர் இங்கர்-லீஸ.

"நிஜமா, விக்கோ?"

"நிஜந்தான். தப்பு என்னோடது," என்றார் விக்கோ. "வாங்க, கேக் சாப்பிடலாம்."

சாமான்களைக் கட்டிவைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு நீல ஃபைல் எட்டிப் பார்த்தது. போடில் அதில் கை வைத்ததும் விக்கோ பதறிப்போனார்.

"அது மட்டும் வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

"பார்த்தீங்களா, எப்படிப் பயப்படுறாரு!"

பிடுங்கிப் பிரித்தாள். வருஷவாரியாக விக்கோவின் கையெழுத்து. ஊருக்கே கேட்கும்படி படித்தாள்.

"எழுபத்திரெண்டு, சைபர்: யூட்டெ லுண்ட். அப்பா ஆஸ்பத்திரியில், ரெண்டு நாள் தாமதம். எழுபத்திமூணு, சைபர்: கெல்ட் ராவ்ன். தபால் தவறிப்போச்சு..."

குரல் கொஞ்சம் இறங்கியது.

"எழுபத்திநாலு, சைபர்..."

 அக்ஸல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தான்.

"போடில் ஸ்கோவ். மூடுபனி, கப்பல் தாமதம். பெண் ரொம்ப அழுதாள். யாரோ வேண்டாம் என்றதாகச் சொல்லியிருக்கிறேன்."