பழைய கியரே போதும்

பந்தயக் காருக்குப் புது இன்ஜின் மாற்றியாகிவிட்டது. கியர்பாக்ஸ் மட்டும் மேசைமேல் திறந்து கிடந்தது.

“இந்த இன்ஜினுக்கு எந்த கியர் செட் போடலாம் அண்ணே?” என்று கேட்டார் முதலாளி.

“பழசே போதும் முதலாளி.” மெக்கானிக் தலையை நிமிர்த்தவில்லை.

“நேர் ரோட்டுல வண்டிக்கு மூச்சு வாங்காதுல்ல?”

“வாங்காது.”

வாங்கும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். புது இன்ஜினுக்கு இழுவை அதிகம், சுழற்சி குறைவு. ஒரு சுற்றுக்குச் சக்கரத்தை அதிகம் உருட்டும் நீளமான கியர் போடாவிட்டால் நேர் ரோட்டில் கார் ஒரு வேகத்துக்கு மேல் போகாது. ஊர் முன்னால் இந்த ஆள் ஒருமுறை தலைகுனியட்டும் என்றுதான் சொன்னார். ஒரு வருடத்துப் புகைச்சல் அது.

பந்தயத்தன்று கார் தொடக்கக் கோட்டில் வந்து நின்றது. ஓட்டுபவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிச் சிரித்ததும் மெக்கானிக் இரண்டடி முன்னால் போனார். உள்ளே இருந்தது அவர் மகள்.

“போன வருஷம் கார் ஓட்ட வாய்ப்புக் கேட்டு வந்த புள்ளைய, பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்னு சிரிச்சு அனுப்பிட்டேன்” என்றார் முதலாளி. “உங்களுக்கு அது ஆறலைன்னு தெரியும். அதான், உங்ககிட்ட சொல்லாம அவளுக்கே வண்டியக் கொடுத்தேன்.”

கியரை மாற்ற நேரமில்லை. கொடி அசைந்துவிட்டது.

வளைவுகளில் அவள்தான் முன்னால் வந்தாள். நேர் ரோட்டில் மற்ற கார்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள்.

“இனிமே பழைய டிரைவரே ஓட்டட்டும்” என்று சொல்லிவிட்டு முதலாளி நடந்தார்.

மெக்கானிக் மகளிடம் போனார். “கியர்லதாம்மா...” என்று ஆரம்பித்தார்.

“கியர்ல என்னப்பா குறை? நீங்க பாத்துப் பாத்துப் போட்டது. அத வச்சு ஓட்ட எனக்குத்தான் தெரியல.”

அவர் வாயை மூடிக்கொண்டார்.